பதினான்காம் நம்பர் வில்லை

அம்புரோஸ் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினான். பதிலுக்கு இரண்டு தட்டு வந்தது. ஆனால் வெளியிலிருந்து வந்த மாதிரி இல்லை. கைக்கெட்டும் தூரத்தில், உள்ளேயே யாரோ தட்டிய மாதிரி இருந்தது.

கிளென்மார்கன் பக்கத்து எஸ்டேட்காரர் ஒருவர், மலையேறி ஓய்ந்துபோன பழைய நீராவி எஞ்சினை வாங்கி, சுற்றுலாக்காரர்களுக்காக மறுபடி ஓடவைக்கப் பார்க்கிறார். அதன் நெருப்புப் பெட்டிக்குள், கரியும் துருவும் மூக்கை அடைக்க, அம்புரோஸ் முழங்காலிட்டுச் சுவர் ஆணிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். இடையிடையே உள்ளே இருப்பவன் இரண்டு தட்டுவான்; வெளியே காவல் நிற்பவன் இரண்டு தட்டித் திருப்புவான். நான் இருக்கிறேன் என்று அர்த்தம். உள்ளே நுழையும் முன் தன் நம்பர் போட்ட பித்தளை வில்லையை வெளியே கதவுக் கொக்கியில் மாட்ட வேண்டும். அது தொங்கும்வரை யாரும் நெருப்பு வைக்கக் கூடாது.

இரண்டு வருடத்துக்கு முன், இதே வேலையில் இருந்த ஸ்டெபின் இதே பெட்டிக்குள் வெந்து செத்தான். "அவன் வில்லையே மாட்டலைங்க" என்றார் காவல் நின்ற லூயிஸ். அம்புரோஸ் அதற்குச் சாட்சிக் கையெழுத்தும் போட்டான். இன்றும் வெளியே காவல் அவர்தான். அம்புரோஸின் மகள் ஜோவிதாவுக்கு ஞானத்தகப்பன். அவரை நம்பாமல் யாரை நம்புவது?

இன்று காலை, சுத்தியல் எடுக்க லூயிஸின் டூல்ஸ் பெட்டியைத் திறந்தபோது, எண்ணெய்த் துணிக்கு அடியில் பதினான்காம் நம்பர் வில்லை கிடந்தது. ஸ்டெபினுடையது. கேட்டதும் லூயிஸ் அழுதுவிட்டார்.

"அவசரத்துல உள்ள பாக்காம நான்தான் கழட்டி நெருப்பு வெச்சுப்போட்டேன் தம்பி. நாளைக்கு நானே ஆபீஸ்ல சொல்லிப்போடறேன். யாருகிட்டயாச்சும் சொன்னயா?"

"இல்லீங்கண்ணா. உங்களைக் கேக்காம சொல்லுவனா?"

மூன்று மணிக்கே மூடுபனி கொட்டகைக்குள் வந்துவிட்டது. பெட்டியின் வாய் வழியாக வந்த வெளிச்சம் சாம்பலாகிக் குறைந்தது. பச்சைத் தேயிலை வாடும் வாசனையோடு இன்னொரு வாசனையும் கலந்திருந்தது. மண்ணெண்ணெய்.

முழங்கால் அருகே ஏதோ வெளியிலிருந்து கிணீரென்று வந்து விழுந்தது. எடுத்து விரலால் தடவினான். இருபத்திரண்டு. அவன் மாட்டிவிட்டு வந்த அவனுடைய வில்லை.

கதவு சாத்திக்கொண்டது.

"லூயிஸண்ணா?"

தாழ் விழும் சத்தம்.

பயத்துக்கு முன்னால் அவனுக்கு வலித்தது. ஒரே தட்டில் சோறு தின்றவர், கூட இருந்தே குழி பறித்துவிட்டார். இவனும் வில்லை மாட்டவில்லை என்று நாளைக்கு அழுதுகொண்டே சொல்வார். ஜோவிதாவும் நம்புவாள்.

சுத்தியலால் கதவை ஓங்கி இரண்டு தட்டுத் தட்டினான்.

இரண்டு தட்டு திரும்பி வந்தது. முதுகுக்குப் பின்னால்.

காலையிலிருந்து பதில் தட்டியது லூயிஸ் இல்லை.

அடியில் தீக்குச்சி உரசியது. காலடிக் கம்பித் தட்டின் இடுக்கில் மஞ்சள் வெளிச்சம் ஏறியது. அம்புரோஸ் திரும்பினான்.

எதிர் மூலையில், அவனைப் போலவே முழங்காலிட்டு, கரிந்த ஒருவன். ஒரு கையில் சுத்தியல். இன்னொரு கையை விரித்து நீட்டியிருந்தான். தன் வில்லையைக் கேட்டான்.

அம்புரோஸிடம் அது இல்லை. காலையில் லூயிஸின் கையிலேயே திருப்பிக் கொடுத்திருந்தான்.

நீட்டிய கை அப்படியே இருந்தது.