ஆஷுரோவின் மகள்

தந்தூர் அடுப்பில் முதல் ரொட்டியை ஒட்டிவிட்டு, சலோமத் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அத்தை... அந்தப் பேரு மாத்தின சான்றிதழைக் கொஞ்சம் எடுத்துக் குடுத்துடுங்களேன். அப்பாவுக்கு ரொம்ப முடியலையாம். தந்தி வந்தா உடனே கிளம்பணும்."

மாமியார் தூர்சுனாய் பிசைந்துகொண்டிருந்த மாவிலிருந்து நிமிரவில்லை. "உயிரோட இருக்கிற மனுசனுக்கு இப்பவே தந்தியா? நல்ல மகதான் நீ."

"பாலத்துல கேப்பாங்க அத்தை. என் பாஸ்போர்ட்ல காசிமோவான்னு இருக்கு..."

"இருந்தா என்ன? இந்த வீட்டுப் பேரு உனக்குக் கசக்குதா? மூத்த மருமகளும் இப்படித்தான் காகிதம் வேணும்னா. வாங்கிட்டு என் பேரனையும் தூக்கிட்டு அக்கரைக்குப் போனவ, இன்னி வரைக்கும் வரல. பெட்டிச் சாவி என் இடுப்பை விட்டுப் போகாது."

சலோமத் அடுத்த ரொட்டியை எடுத்தாள். வெக்கையில் கண் எரிந்தது.

அவள் பிறந்த ஊர் கால்வாயின் அக்கரை, உஸ்பெகிஸ்தான். வாழ வந்த ஊர் இக்கரை, கிர்கிஸ்தான். அவள் மணப்பெண்ணாக வந்தபோது நடுவில் ஒரு பாலம்தான் இருந்தது. பிறகு முள்வேலி வந்தது, சிப்பாய்கள் வந்தார்கள். நெருங்கிய சொந்தத்தில் சாவு என்று தந்தி வந்தால் மட்டுமே பாலம் திறக்கும்.

அவள் அப்பா ஹம்ரோ ஆஷுரோவுக்கு ஆண் பிள்ளை கிடையாது. கல்யாணத்தன்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாத்தையும் விட்டுட்டுப் போறே. என் பேரை மட்டும் விட்டுடாதம்மா," என்று கேட்டார். அவளும் தலையசைத்தாள். ஆனால் மகன் பிறந்ததும் தூர்சுனாய் ஆரம்பித்தாள். "பிள்ளைக்கு ஒரு பேரு, பெத்தவளுக்கு ஒரு பேரா? ஊர் சிரிக்காதா?" சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். ரஷ்யாவில் கட்டட வேலை பார்க்கும் கணவன் இல்யோர் போனில் கெஞ்சினான். "ஒரு கையெழுத்துதானே சலோமத்... அம்மாவைப் பாரேன்." குடும்பம் உடையக் கூடாதே என்று கையெழுத்துப் போட்டு, ஆஷுரோவா காசிமோவா ஆனாள். அப்பாவிடம் சொல்ல மட்டும் அவளுக்கு வாய் வரவில்லை.

ரொட்டி ஆறுவதற்குள் தந்தி வந்துவிட்டது.

அவள் மாமியாரின் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். "அத்தை, அப்பா போயிட்டார். இப்பவாவது குடுங்க."

தூர்சுனாயின் முகம் வெளுத்தது. ஆனாலும் கை இடுப்புச் சாவியைப் பொத்திக்கொண்டது. "தந்தியே போதும். சிப்பாயும் ஒரு தாய் பெத்த பிள்ளைதானே, விடுவான். நீ ஓடு."

பாலத்தில் இருந்த இளம் சிப்பாய் தந்தியையும் பாஸ்போர்ட்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

"தந்தி சலோமத் ஆஷுரோவாவுக்கு வந்திருக்கு. நீங்க காசிமோவா."

"ரெண்டும் நான்தான் தம்பி. கல்யாணத்துக்கப்புறம் மாத்தினது..."

"அதுக்கு ஏதாவது காகிதம் இருக்கா அக்கா?"

"வீட்ல இருக்கு. இறந்தது எங்கப்பா. பொய் சொல்லுவேனா?"

"நீங்க சொல்லமாட்டீங்க. ஆனா இந்தத் தந்தியை வச்சு வேற யாரோ போனா என் வேலை போயிடும். எடுத்துட்டு வாங்க."

அவள் திரும்பி ஓடினாள். வியர்த்து, தலைத்துணி அவிழ்ந்து வாசலில் வந்து நின்றவளைப் பார்த்ததும் தூர்சுனாய் சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்தாள். சான்றிதழோடு சலோமத் மறுபடி பாலத்துக்கு வந்தபோது நண்பகல் தொழுகை முடிந்திருந்தது. அக்கரைச் சாலையில், அங்கியின் மேல் துக்க அடையாளமாக இடுப்புத்துணி கட்டிய ஆண்கள் தோள் மாற்றி மாற்றி ஒரு சவப்பெட்டியை வேகமாகக் கொண்டுபோனார்கள். முன்னால் போனவர் சித்தப்பா என்று அவளுக்குத் தெரிந்தது.

"அப்பா..." என்று வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். யாரும் திரும்பவில்லை. சவத்தைச் சுமந்து நடப்பவர்கள் நிற்கமாட்டார்கள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது வீட்டில் பெண்கள் மட்டும் இருந்தார்கள். அம்மா ரோஹத் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் இவ்வளவு நேரம்?"

சலோமத் பாஸ்போர்ட்டை நீட்டினாள். அம்மா எழுத்துக் கூட்டிப் படித்தாள். பாஸ்போர்ட்டை மூடினாள்.

"யாரு மாத்தச் சொன்னது? உன் மாமியாரா?"

வாசலில் சுற்றத்துப் பெண்கள் எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். இங்கே ஒரு வார்த்தை சொன்னால் இரண்டு குடும்பமும் அத்தோடு முடிந்துவிடும்.

"இல்லம்மா. நானாத்தான்."

"நீயாவா..." ரோஹத் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "விடியற வரைக்கும் வாசலையே பார்த்துட்டிருந்தார்."

"கடைசியில என்னம்மா சொன்னார்? எப்படி..."

"கேக்காதே. அவர் பேரு வேணாம்னவளுக்கு அவர் சாவு எதுக்கு?"

சலோமத் அன்றே திரும்பினாள். மாமியாரிடம் ஒன்றும் சொல்லவில்லை. ரொட்டி சுட்டாள், மாட்டுக்குத் தீவனம் போட்டாள், மகனைக் குளிப்பாட்டினாள். ஒருநாள் தேநீரைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"அத்தை, நான் அப்பா பேரையே திரும்ப எடுத்துக்கப் போறேன்."

"என்னது?"

"உங்களை விட்டுப் போகமாட்டேன். உங்க பிள்ளையையும் விடமாட்டேன். பேரு மட்டும்."

"இல்யோர்கிட்ட கேட்டியா?"

"கேக்கல. கேக்கப் போறதும் இல்ல."

தூர்சுனாய் பதிலுக்கு வாயெடுத்தாள். மருமகளின் முகத்தில் கோபமே இல்லாததைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

தந்தியைக் காட்டி ஒரு சாவுக்கு ஒருமுறைதான் பாலத்தைக் கடக்கலாம். அதனால் இருபதாம் நாள் நினைவுச் சடங்கன்று சலோமத் கால்வாய்க் கரைக்குப் போனாள். சொல்லியனுப்பியிருந்ததால் அக்கரையில் அம்மா வந்து நின்றாள். இவள் எங்கே போகிறாள் என்று சந்தேகப்பட்டுத் தூர்சுனாயும் பின்னாலேயே வந்து, வில்லோ மரத்துக்குப் பக்கத்தில் நின்றுவிட்டாள்.

"அம்மா, மன்னிச்சிடும்மா..."

தண்ணீர் இரைச்சலுக்கு மேலே ரோஹத்தின் குரல் வந்தது. "நீயா மாத்தினேன்னு நீயேதானே சொன்னே. இனிமே என்னை வந்து கூப்பிடாதே."

தூர்சுனாய் அதைக் கேட்டாள். தன்னைப் பற்றி அந்த வீட்டில் மருமகள் எவ்வளவு புகார் வாசித்திருப்பாள் என்று இத்தனை நாளும் அவள் மனசுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தாள். மருமகளோ ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. தூர்சுனாய் முள்வேலி வரைக்கும் நடந்து வந்தாள்.

"சம்பந்தி... நான் தூர்சுனாய். இவ பொய் சொல்றா. பேரை மாத்த வச்சது நான். பட்டினி கிடந்து மாத்த வச்சேன். அன்னிக்குக் காகிதத்தைப் பூட்டி வச்சதும் நான்தான். இவளும் மூத்தவ மாதிரி போயிடுவாளோன்னு பயந்துட்டேன். அப்பன் முகத்தைப் பார்க்க விடாத பாவம் என் தலையில. இவளை ஒண்ணும் சொல்லாதீங்க."

"அத்தை, வேணாம்..." சலோமத் அவள் கையைப் பிடித்தாள்.

"சும்மா இரு. நாளைக்கு நானே இவளைக் கூட்டிட்டுப் போய் உங்க வீட்டுப் பேரை எழுதி வைக்கிறேன் சம்பந்தி. மன்னிக்கச் சொல்லிக் கேக்கல. கேக்க எனக்கு வாய் இல்ல."

அக்கரையில் ரோஹத் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். கலைந்து போகச் சொல்லித் தூரத்தில் சிப்பாய் விசில் ஊதினான். அவள் எழுந்திருக்கவில்லை.

"சலோமத்..."

"அம்மா."

"உங்கப்பா வலியில போகலடி. பால் கேட்டார். ரெண்டு மடக்கு குடிச்சார். சுவர்ப் பக்கமா ஒருக்களிச்சுப் படுத்தார்... சின்ன வயசுல உன்னைப் பக்கத்துல போட்டுக்கிட்டுப் படுப்பாரே, அந்த மாதிரி. தூங்கறார்னுதான் நான் நினைச்சேன். முகத்துல ஒரு சுளிப்பு இல்ல."

தூர்சுனாய் சலோமத்தை அணைத்துக்கொண்டாள். அப்பா போன பிறகு அன்றுதான் முதல்முறையாகச் சலோமத் வாய்விட்டு அழுதாள், மாமியாரின் தோளில். ரோஹத் அக்கரையிலிருந்து குரல் உயர்த்திச் சொல்லிக்கொண்டே இருந்தாள். யார் குளிப்பாட்டினார்கள், எந்தத் துணி போர்த்தினார்கள், எந்த மரத்தடியில் அடக்கம் செய்தார்கள் என்று ஒன்று விடாமல் சொன்னாள்.