எண்பது எழுத்துக்கு அப்பால்

தங்கம்மாவின் கோப்பு நேற்றைவிட ஒரு வரி நீண்டிருந்தது.

காலை பதினொரு மணிக்கே நீலாவதி அதைக் கவனித்துவிட்டாள். மலை மேலிருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்து ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அது எண்பத்தேழாம் வருஷம், அக்டோபர் மழை. முந்நூற்றுப் பன்னிரண்டு தொழிலாளர்களுக்கும் ஆளுக்கொரு கோப்பு. பெயர், நம்பர், லயத்து வீடு, வேலை, பட்ட காயம் என்று அத்தனையையும் ஒற்றை ஆளாக உட்கார்ந்து தட்டிச் சேர்த்தவள் அவள்தான். எந்தக் கோப்பில் எத்தனை வரி என்பது அவளுக்குத் தலைகீழ்ப் பாடம்.

கோப்புகளைத் திறக்காமலேயே உள்ளே இருப்பதை எழுத்து எழுத்தாகக் காட்டும் புரோகிராம் ஒன்று அதில் இருந்தது. ஆபீசில் அதை எக்ஸ்ரே என்பார்கள். கோலாலம்பூர் தலைமை அலுவலகத்து ரமணி எழுதியது. நேற்றுதான் அவன் மலையேறி வந்து, பழைய எக்ஸ்ரேயை எடுத்துவிட்டு இரண்டாம் பதிப்பைப் போட்டு, கூடவே ஒரு தாளையும் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். தாளின் மேல்பாதியில் புதியவை: பழைய பதிப்புக்குத் தெரியாத வரிகள் இதில் தெரியும். கீழ்ப்பாதியில் தெரிந்த குறைபாடுகள்: பார்க்க மட்டுமே முடியும், திருத்தவோ அழிக்கவோ முடியாது, காட்டும் நேரம் ஆபீஸ் கடிகாரத்தோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம், ஒரு வரியில் எண்பது எழுத்துக்கு மேல் இருந்தால் மிச்சம் தெரியாது. தன் குறையைத் தானே பட்டியல் போட்டுக் கொடுக்கிற ஆம்பிளையை இப்போதுதான் பார்க்கிறேன் என்று நீலாவதி சிரித்துக்கொண்டாள்.

தங்கம்மா ஃபேக்டரியில் இலை உருட்டும் மிஷினில் வேலை செய்பவள். புதிதாக முளைத்திருந்த வரி, பிற்பகல் 2.05, உருட்டு மிஷின், வலது கை, மூன்று விரல், மோதிர விரல் கிடைக்கவில்லை என்றது. தங்கம்மாவுக்குப் பத்து விரலும் இருந்தன. காலையில்தான் அந்தக் கையால் நீலாவதிக்கு ஒரு மரவள்ளி அப்பம் கொடுத்திருந்தாள். யாருடைய பழைய கோப்போ கலந்துவிட்டது, ரமணி வந்தால் நன்றாகக் கேட்க வேண்டும் என்று நினைத்தபடி அவள் அடுத்த வேலையைப் பார்த்தாள்.

மதியத்துக்குப் பிறகு மூடுபனி இறங்கியது. பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, சிவலிங்கம் கீழே தாப்பா டவுனுக்குப் போயிருந்தார். ஆபீசில் அவள் மட்டும்தான். தகரக் கூரையில் மழை விட்டுவிட்டுத் தட்டிக்கொண்டிருக்க, ஜன்னல் இடுக்கு வழியாக வறுபடும் தேயிலையின் கருகல் வாசனையும் நனைந்த மண்ணின் வாசனையும் ஒன்றாக உள்ளே வர, பச்சை எழுத்துகள் மின்னும் அந்தப் பெட்டியின் அடியிலிருந்து ஓயாத ஒரு ரீங்காரம் மேஜை வழியாக அவள் முழங்கைக்கு ஏறிக்கொண்டிருந்தது. அப்போது ஃபேக்டரிப் பக்கமிருந்து ஒரு பெண்ணின் அலறல் கேட்டது. மிஷின்களின் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. அலறல் மட்டும் நிற்கவில்லை.

நீலாவதி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு ஐந்து.

மூன்று மணிக்குத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப்போடும் டிரஸ்ஸர் அமிர்தலிங்கம் அறிக்கைத் தாளோடு வந்தார். அவர் வெள்ளைச் சட்டையின் கைகள் முழங்கை வரை சிவப்பாக இருந்தன. நாற்காலியில் உட்காராமல் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"தட்டி வச்சிரும்மா. மூணு வெரலு போச்சு. ரெண்ட எடுத்துட்டோம். மோதிர வெரலத்தான் காணோம்லா. எலைக்குள்ளயே தேடறானுங்க."

அவள் தாளை வாங்கிப் படித்தாள். ஒரு சொல் மாறவில்லை. காலையில் திரையில் கிடந்த அதே வரி, அதே வரிசை. பதினொரு மணிக்கே தெரியும். ஓடிப்போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"என்னம்மா, பேயடிச்ச மாதிரி நிக்கிற?"

"ஒண்ணுமில்ல அண்ணே. தலவலி."

அவர் போனதும் அவள் கதவைச் சாத்திவிட்டு எக்ஸ்ரேயைப் போட்டாள். முந்நூற்றுப் பன்னிரண்டில் எதை முதலில் பார்ப்பது என்று அவள் யோசிக்கவே இல்லை. கைகள் தாமாகவே தம்பியின் நம்பரைத் தட்டின.

கந்தசாமி அவளுக்குத் தம்பி என்றாலும் பிள்ளை மாதிரிதான். அம்மாவும் அப்பாவும் ஒரே வருஷத்தில் போனபோது அவனுக்கு ஆறு வயது, அவளுக்குப் பதினைந்து. வந்த இரண்டு மாப்பிள்ளைகளையும் அவனுக்காகவே வேண்டாம் என்றாள். அவனைத் தவிர அவளுக்கு உலகத்தில் வேறு யாரும் கிடையாது. இப்போது கவ்வாத்துக் கும்பலில் இருந்தான். முற்றிய தேயிலைச் செடிகளை வளைந்த கத்தியால் முழங்கால் உயரத்துக்கு வெட்டித் தள்ளும் வேலை.

அவன் கோப்பும் ஒரு வரி நீண்டிருந்தது.

கந்தசாமி, பிற்பகல் 4.10, ஏழாம் நம்பர் மலை, கவ்வாத்துக் கத்தி, கழுத்து வலப்பக்கம், உயிரில்லை, வெட்டியவர்.

அதோடு வரி முடிந்தது. தோட்டத்து அறிக்கையில் அதுதான் வரிசை: யாருக்கு, எப்போது, எங்கே, எதனால், எந்த உறுப்பு, கடைசியில் யாரால். அந்தக் கடைசிப் பெயர் எண்பதாவது எழுத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. அவள் வலப்பக்க அம்புக்குறியை அழுத்தினாள். மீண்டும் மீண்டும் அழுத்தினாள். பச்சைப் புள்ளி திரையின் ஓரத்தில் நின்று துடித்தது.

கோலாலம்பூருக்குப் போன் கிடைக்கப் பதினைந்து நிமிடம் ஆயிற்று.

"ரமணி, நான் தட்டாத வரியெல்லாம் கோப்புல தெரியுதுப்பா."

"பழைய வெர்ஷன்ல தெரியாதுக்கா. இதுல தெரியும். பேப்பர்ல போட்டிருக்கேன்லா."

"இன்னும் நடக்காததுய்யா அது!"

"எக்ஸ்ரே இருக்கறதத்தான்கா காட்டும். இல்லாதத காட்டத் தெரியாது அதுக்கு."

"வரி பாதில நிக்குது. மிச்சத்த எப்படிப் பாக்கறது?"

"அது தெரிஞ்ச கொறபாடு. அடுத்த வெர்ஷன்ல சரி பண்ணிருவோம்."

லைன் இரைந்து அறுந்தது. கடிகாரத்தில் மூன்று நாற்பது.

அந்தப் பெயரைப் பார்க்க அவளுக்கு எக்ஸ்ரே தேவைப்படவில்லை. ரெங்கசாமிக் கங்காணி, கந்தசாமியின் கும்பலை வேலை வாங்குபவர். போன சனிக்கிழமை காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும் களத்தில் அத்தனை பேர் முன்னால், கங்காணி அவள் பெயரைச் சொல்லி ஏதோ கேலி பேச, கந்தசாமி அவர் கன்னத்தில் அறைந்துவிட்டான். "ஒன்ன வெட்டித் தேயிலைக்கு ஒரமாப் போடலன்னா பாருடா" என்று கங்காணி கத்தியதைத் தோட்டமே கேட்டது. தோட்டத்தில் சண்டை முடிய ஒரு முறை உண்டு. பெரியவர் தன் தோளில் இருப்பதை எடுத்துச் சின்னவன் தோளில் போர்த்திவிட வேண்டும். அதற்கப்புறம் யாரும் பழசைப் பேசக்கூடாது. நாலு நாளாகியும் ரெங்கசாமி போர்த்தவில்லை. மழைக்கு அவர் மட்டுமே போடும் அந்த மஞ்சள் ரப்பர் கோட்டை மாட்டிக்கொண்டு, முறைத்தபடியே திரிந்தார்.

அவள் குடைகூட எடுக்காமல் ஓடினாள்.

ஏழாம் நம்பர் மலைக்குப் போகும் லோரிப் பாதை செம்மண் சகதியாகக் கிடந்தது. சிலிப்பர் இரண்டும் முதல் வளைவிலேயே சேற்றில் மாட்டிக்கொள்ள, வெறுங்காலோடு, சேலையை முழங்காலுக்கு மேல் அள்ளிப் பிடித்துக்கொண்டு, பனி மூடிய சரிவில் அவள் ஏறிக்கொண்டிருந்தபோது, பக்கத்துச் செடிகள்கூடக் கண்ணுக்குத் தெரியாமல், தன் மூச்சின் சத்தமும், இலைகளில் மழை சொட்டும் சத்தமும், எங்கோ மேலே கத்தி கிளையில் விழும் 'டக்', 'டக்' சத்தமும் மட்டுமே அவளுக்குக் கேட்டன. அந்தச் சத்தம் சீராக வந்தது. பிறகு ஒரு கத்திதான் கேட்டது. மற்றவர்கள் மழைக்கு ஒதுங்கிவிட்டார்கள் போலிருக்கிறது.

"கந்தசாமி!"

கத்திச் சத்தம் நிற்கவில்லை.

"டேய் கந்தா! அக்காடா!"

பனி அவள் குரலை அங்கேயே அமுக்கிவிட்டது. வெட்டிய செடிகளின் பச்சை வாடை மூக்கில் ஏறியது. வெட்டப்பட்ட கட்டைகளின் கூர்முனைகள் அவள் கெண்டைக்காலைக் கிழித்தன. அவளுக்கு வலிக்கவில்லை. மாரியாத்தா, அவனை மட்டும் விட்டுவிடு. வேறு எதையும் எடுத்துக்கொள்.

ஒதுங்கப் போன யாரோ ஒரு கட்டையில் கத்தியைக் கொத்தி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அவள் அதைப் பிடுங்கிக்கொண்டாள். பிடி வழுவழுவென்று நனைந்திருந்தது. மணிக்கட்டில் கட்டியிருந்த வாட்சைப் பார்த்தாள். நாலு எட்டு.

பனி கொஞ்சம் விலகியது.

மஞ்சள்.

மஞ்சள் ரப்பர் கோட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு. தலையில் ரப்பர் முக்காடு. வலது கையில் கத்தி. அவர் காலடியில் ஒருவன் குந்தியிருந்தான். கந்தசாமியின் நீலப் பிளாஸ்டிக் விரிப்பு, அவள் வாங்கிக் கொடுத்தது, ஓரத்தில் அவளே தைத்தது, அவன் தலைமேல் கிடந்தது. குனிந்திருந்தான். கும்பிடுகிறானா? கெஞ்சுகிறானா?

மஞ்சள் கை மேலே போனது.

அவள் கத்தினாள். முக்காடு திரும்பவில்லை. கத்தி இறங்கியது. 'டக்'. மறுபடி உயர்ந்தது.

அவள் பாய்ந்தாள்.

ஒரே வீச்சு. இரண்டு கையாலும். ரப்பர் கிழிந்தது. எலும்பு தடுத்தது. பிடுங்கினாள். இன்னொரு வீச்சு. வாயில் சூடாக ஏதோ தெறித்தது. உப்பு. இன்னொன்று.

மஞ்சள் கோட்டு தள்ளாடிச் செடியில் சாய்ந்தது.

நீல விரிப்பு எழுந்தது. மழைக்கு மறைத்துப் பற்றவைத்த சுருட்டு வாயிலிருந்து நழுவி விழ, விரிப்புக்குள்ளிருந்து ரெங்கசாமிக் கங்காணி அவளைப் பார்த்தார்.

"என்னா பண்ணிட்ட புள்ள..." அவர் ஓர் அடி பின்வாங்கினார். "சமாதானம் ஆயிட்டோமே... மழைல துண்டு இல்லன்னு நாந்தானே எங்கோட்ட கழட்டிப் போத்திட்டு அவன் விரிப்ப வாங்கிக்கிட்டேன்..."

அவள் கையில் கத்தி இருந்தது. விரல்கள் விட மறுத்தன.

மஞ்சள் கோட்டு மெல்லத் திரும்பியது. முக்காடு பின்னால் விழுந்தது. தலையும் அதோடு பின்னால் போகப் பார்த்தது. அவன் இரண்டு கையாலும் அதைப் பிடித்து நேராக வைத்துக்கொண்டான். முகம் அவளுக்குத் தெரிந்தது. அவளை அவனுக்கும் தெரிந்தது. கோபம் இல்லை. சின்ன வயதில் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்து நிற்பானே, அதே முகம்.

அவன் ஓர் அடி வைத்தான். இன்னோர் அடி.

உதடுகள் அசைந்தன. சத்தம் உதட்டிலிருந்து வரவில்லை. கழுத்தின் வலப்பக்கத்திலிருந்து, அவள் வெட்டித் திறந்த இடத்திலிருந்து, இரத்தக் குமிழிகளோடு வந்தது.

"அக்கா."

ரெங்கசாமி அலறிக்கொண்டு சரிவில் உருண்டு ஓடினார். வெட்டாத தேயிலைச் செடிகள் இடுப்பளவுக்கு நெருக்கிப் பிடித்திருந்ததால் கந்தசாமி விழவில்லை. நின்றபடியே கண்கள் நிலைத்தன. கைகள் இறங்கின. தலை ஒரு பக்கம் சாய்ந்து தோளில் படுத்தது. மழை மஞ்சள் ரப்பரைக் கழுவிக்கொண்டே இருந்தது.

உதடுகள் அசையவில்லை. மூச்சு இல்லை. ஆனால் திறந்திருந்த அந்த வெட்டு மட்டும் மெல்ல மூடியது, மெல்லத் திறந்தது.

"அக்கா."

மூடியது. திறந்தது.

"அக்கா. அக்கா. அக்கா."