பாதியில் திரும்பிய வண்டி

மின்சாரம் போனது. தெருவிளக்கும் எதிர்வீட்டு ரேடியோவும் கூடத்து மின்விசிறியும் ஒன்றாக அடங்கின. அந்த அமைதியில், வீட்டின் பக்கவாட்டில் இருந்த தகர ஷெட்டிலிருந்து சார்ஜரின் உறுமல் மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருந்தது.

ஆதிமூலம் சோற்றுத்தட்டில் கையை வைத்தபடி உற்றுக் கேட்டான். காதில் தங்கிய ஒலியாக இருக்கும். கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவனுக்கு, கரண்ட் இல்லாமல் சார்ஜர் உறுமாது என்று தெரியும். பிசைந்த சோற்றை மகள் அருணாவின் வாயில் வைத்தான். நாலு வயதுக் குழந்தை மென்றுகொண்டே ஷெட் இருந்த பக்கம் தலையைத் திருப்பியது.

அதற்கும் கேட்டிருக்கிறது.

டார்ச்சோடு போய் ஷெட் கதவில் கை வைத்தான். உறுமல் நின்றது. உள்ளே வண்டி, வைத்த இடத்தில் இருந்தது. அவனே கட்டியது: ஸ்கூட்டர் சக்கரங்கள், தகர உடம்பு, இரண்டு இருக்கைகள், அவற்றுக்கு அடியில் லாரி பேட்டரிகள். சார்ஜ் ஏறும்போது எழும் அமில நெடி மூக்கின் உட்புறத்தை அரித்தது. அந்த நெடிக்கு அடியில், இளஞ்சூடாக, துணியில் ஊறிக் காய்ந்ததைப் போல இன்னொரு வாசனையும் மெல்ல எழுந்து வந்தது. தைலம். அவன் மனைவி சரசுவின் காலுக்குத் தேய்ப்பது. அவள் போன பிறகு அந்த வீட்டில் தைலப் புட்டியே கிடையாது.

சரசுவுக்குச் சின்ன வயதில் போலியோவில் இடது கால் சூம்பிவிட்டது. பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால், மடியில் வைத்துக்கொண்டு மலையைச் சுற்றுவதாக வேண்டிக்கொண்டாள். நடக்க முடியாதவளுக்காகத்தான் இந்த வண்டி. பெட்ரோல் வாடை அவளுக்கு ஆகாது, அதனால் பேட்டரி. போன வருஷம் ஒரு பௌர்ணமியன்று கிளம்பினார்கள். வண்டிக்குச் சத்தமே இல்லை என்பதில் அவனுக்குப் பெருமை. அருணா அம்மாவின் மடியில் உட்கார்ந்து, அவள் கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாகச் சுற்றிச் சுற்றித் தூங்கிப்போனாள். மலைக்கு அந்தப் பக்கம், அடி அண்ணாமலை ஊரைத் தாண்டும்போது முகப்பு விளக்கு மங்கியது. அன்று மாலை வோல்டேஜ் கம்மி. பேட்டரி முழுதாக ஏறியிருக்கவில்லை. தெரிந்த ரோடாயிற்றே என்று வந்த வழியே திருப்பினான்.

"பாதில திருப்பாதீங்க. தள்ளிக்கினாவது போயிடலாங்க," என்றாள் சரசு.

"அடுத்த பௌர்ணமிக்கு முழுசா சுத்திடலாம்."

அடுத்த பௌர்ணமிக்குள் மஞ்சள் காமாலை. வளையல்களோடுதான் சிதையில் வைத்தார்கள்.

சார்ஜ் ஏற்றாமல் விட்டால் பேட்டரி செத்துவிடும். அதனால் ஏற்றிக்கொண்டிருந்தான். வேறு காரணம் இல்லை.

காலையில் ஹைட்ரோமீட்டரால் அமிலத்தை உறிஞ்சிப் பார்த்தான். மிதவை எழவில்லை. கரண்ட் வந்தபின் விடியும்வரை ஏறிய பேட்டரி, காலி. டயர்களில் ஈரமான செம்மண். தெருவில் மழையே பெய்யவில்லை.

"என்னா சார், கார்காரர் ஆனதும் காது கேக்கலியா?" பக்கத்து வீட்டுத் தங்கம்மாள் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலியோரம் நின்றாள். "ராத்திரி பவுர்ணமிக்கு மலை சுத்தப் போயிருந்தேன். கூவிக்கூவிப் பார்க்கறேன், நிக்காமப் போறீங்க!"

"நான் போகலைங்க."

"ஆமா, போகல! அந்த வண்டிய ஊர்ல வேற யாரு ஓட்டுவா? பக்கத்து சீட்ல முக்காடு போட்டுக்கினு ஒக்காந்திருந்தாங்களே, அது யாரு? பொண்ணு பாத்துட்டாங்களா?" சிரித்தவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள். "ஆனா அருணாவ உட்டுட்டுப் போறது நல்லாயில்ல சார். அந்தம்மாவுக்குக் கொழந்தைன்னா உசுரு போல. எங் கைப்பிள்ளையப் பாத்து ரெண்டு கையையும் நீட்டினாங்க. நான் குடுக்கல."

அவன் டயர்களில் இருந்த செம்மண்ணை மறுபடி பார்த்தான். மலையைச் சுற்றியாகிவிட்டது. ஆனால் மடியில் பிள்ளை இல்லை. வேண்டுதல் பிள்ளையோடு.

இதையெல்லாம் அவன் நம்புகிறவன் அல்ல. ஆனாலும் அன்று கல்லூரிக்குப் போகவில்லை. ஸ்பேனரை எடுத்து டெர்மினல்களைக் கழற்றினான். பேட்டரிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி ஷெட்டின் மூலையில் இறக்கினான். சார்ஜர் வயரை உருவினான். பேட்டரிகளை இணைக்கும் தடித்த கேபிள்களைச் சுருட்டி வீட்டுக்குள் கொண்டுவந்தான். ஷெட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினான்.

பொழுது சாய்ந்ததும் கதவைத் தாழிட்டு, குழந்தையைப் பக்கத்தில் படுக்கவைத்து, அதன் கவுன் நாடாவைத் தன் வேட்டி முனையோடு முடிந்துகொண்டான். கேபிள்கள் தலைமாட்டில். அருணா தூங்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில், யாரோ ஏதோ சொன்னதற்குப் பதில் போல, "ம்," என்றாள்.

மின்சாரம் போனது.

தெரு அடங்கியது. ரேடியோ அடங்கியது. விசிறி சுற்றித் தேய்ந்து நின்றது.

உறுமல்.

ஜன்னல் பக்கம் ஒரு தடவைதான் திரும்பினான். ஒரு மூச்சு நேரம். கை பாயைத் தடவியது. பாய் சூடாக இருந்தது. குழந்தை இல்லை. வேட்டி முனையில் முடிச்சு, போட்டது போட்டபடி. அதற்குள் நாடா இல்லை.

கதவின் தாழ், உள்ளே போட்டபடி.

"அருணா!"

கேபிள்களைப் பற்றிக்கொண்டு ஓடினான். ஷெட்டில் பூட்டு தொங்கியது. பூட்டித்தான் இருந்தது. இடுப்பிலிருந்து சாவியை எடுத்தான். திறந்தான்.

தைலம். மூச்சு முட்ட, தைலம்.

மூலையில் பேட்டரிகள், இறக்கியபடியே. வண்டியின் முகப்பு விளக்கு மஞ்சளாக எரிந்தது. கேபிள்கள் அவன் கையில் இருந்தன.

அருணா பக்கத்து இருக்கையில் இருந்தாள். இருக்கையில் அல்ல. இருக்கைக்கு ஒரு முழம் மேலே. அவளுக்குக் கீழே ஒன்றுமில்லை. கால்கள் காற்றில் தொங்கின. கவுன் அவள் வயிற்றின் குறுக்கே அழுந்தியிருந்தது, யாரோ இரண்டு கைகளால் சேர்த்து அணைத்திருப்பதைப் போல.

"திருப்பாதப்பா," என்றாள் தூக்கக் கலக்கத்தில்.

சக்கரங்கள் நகர்ந்தன. சத்தமே இல்லை. வண்டி அவனை உரசிக்கொண்டு வாசலைத் தாண்டியது. குழந்தை வலது கையை உயர்த்தி, வெறும் காற்றில், எதையோ ஒவ்வொன்றாகச் சுற்றத் தொடங்கினாள். சுற்றச் சுற்ற, கண்ணாடி வளையல்கள் ஒன்றோடொன்று இடிக்கும் ஒலி மட்டும் கேட்டது.