ஏழாம் அறையின் பன்னிரண்டு பதில்கள்

பிற்பகல் 3.50. ஏழாம் அறையைத் திறந்தபோது பையன் சிமெண்டுத் தரையில் சுருண்டு கிடந்தான். வயது பதினைந்து. வெளியே நாற்பத்து நான்கு டிகிரி, உள்ளே அதற்கும் மேல். அறைப் பக்கத்து ஏசி நின்று இரண்டு நாளாகிறது. குழாயில் காற்றுதான் வந்தது. ஆம்புலன்ஸ் அவனை அள்ளிக்கொண்டு போனது.

4.40. பிண்டி க்ரீக் சிறார் தடுப்பு மையத்துக்கு டெல்லா வந்து சேர்ந்தாள். மாதம் ஒருமுறை வந்து, பிள்ளைகளின் குறை கேட்டு அறிக்கை எழுதும் ஆய்வாளர். பூர்வகுடிப் பெண், பையனின் சனத்தைச் சேர்ந்தவள். பத்து வருடப் பழக்கம்தான், ஆனாலும் பின்னால் ஒவ்வொரு கதவாகப் பூட்டிக்கொள்ளும்போது இன்றைக்கும் திரும்பிப் பார்த்தாள். அறைகளின் வராந்தாவில் கேமரா வேலை செய்யவில்லை என்று நான்கு அறிக்கைகளில் எழுதிவிட்டாள். அவை எந்த அலமாரியில் தூங்குகின்றனவோ!

ஏழாம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தச் சொன்னாள். ஜன்னல் கிடையாது. இரண்டு நிமிடம்கூடத் தாங்கவில்லை, மூச்சு முட்டிக் கதவைத் தட்டினாள். வெளியே வந்தவள் கதவிலிருந்த பெயர் அட்டையைப் பார்த்தாள். பெயரின் மேல் வெள்ளை டேப் ஒட்டி, பேனாவால் 'குமஞ்சயி' என்று எழுதியிருந்தது.

"இது யாரு ஒட்டினது?"

"காலை ஷிப்ட் பொண்ணு. மூணு வாரமாச்சு. எதுக்குன்னு நான் கேட்டுக்கல" என்றார் மையத்தின் தலைவர் க்ரெய்க்.

5.05. அலுவலக அறை ஜில்லென்றிருந்தது. சுவரில் அறைவாரியாகப் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் தொங்கியது. பிற்பகல் ஷிப்ட் காவலர் டைசனின் மூக்கு, பாலித் தீவின் கடற்கரை வெயிலில் தோலுரிந்திருந்தது.

"லீவு எப்ப முடிஞ்சுது?"

"நேத்துதான், ஆண்ட்டி. ஒரு மாசம்."

"இன்னைக்கு அவனை எத்தனை தடவை பார்த்தே?"

"கால் மணிக்கு ஒரு தடவை. பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன், 'நல்லாயிருக்கேன்'னான். எழுதியிருக்கேன், பாருங்க."

ஒரு மணியிலிருந்து 3.45 வரை பன்னிரண்டு வரிகள். பன்னிரண்டிலும் பையனின் பெயர், அதே பதில்.

"கதவுகிட்டயே போனியா?"

"மூக்கு இடிக்கிற அளவுக்கு. அட்டையில இருக்கிற பேரைப் படிச்சுத்தானே கூப்பிட்டேன்."

தொலைபேசி அடித்தது. க்ரெய்க் எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார். ஆஸ்பத்திரி நர்ஸ், வேலைக்குப் புதிது.

"ட்ரிப்ஸ் ஏறுது. முழிச்சுத்தான் இருக்கான். ஆனா பேரைச் சொல்லிக் கூப்பிட்டா வாயே திறக்க மாட்டேங்கிறான்."

"நடிப்பு! ஆறு மணி வேன்ல ஏத்தி விடுங்க. அவனோட அறை காலியாத்தான் இருக்கு" என்றார் க்ரெய்க்.

டெல்லா காவலர் பக்கம் திரும்பினாள்.

"டைசன், நீ அந்தப் பக்கமே போகல."

"என்ன ஆண்ட்டி, அபாண்டமா..."

"அவன் மாமா இறந்து மூணு வாரமாச்சு. ரெண்டு பேருக்கும் ஒரே பேரு. இறந்தவர் பேரை நாங்க வாயால சொல்ல மாட்டோம். அந்தப் பேரு இருக்கிற மத்தவங்களை குமஞ்சயின்னுதான் கூப்பிடுவோம். ஆஸ்பத்திரியில ஒரு தடவைகூட பதில் சொல்லாதவன், உனக்கு மட்டும் பன்னிரண்டு தடவை சொன்னானா?"

"மறந்துபோய் சொல்லியிருப்பான்..."

"சரி, அப்படியே வச்சுக்குவோம். நீ அட்டையில படிச்சதாச் சொன்ன பேரு அங்க இல்லவே இல்ல. மூணு வாரமா டேப்புக்கு அடியில இருக்கு. பழைய பேரு இருக்கிறது ஒரே இடத்துலதான்." சுவரிலிருந்த பட்டியலைக் காட்டினாள். "இங்க ஜில்லுன்னு உக்காந்து, அதைப் பார்த்துப் பன்னிரண்டு வரியும் எழுதியிருக்கே."

டைசன் தலை குனிந்தான். "அங்க நிக்க முடியல, ஆண்ட்டி. அவ்வளவு சூடு."

"அவனால மட்டும் முடியும்னு நெனச்சியா?"

க்ரெய்க் இன்னொரு தொலைபேசியை எடுத்து வேனை நிறுத்தச் சொன்னார். இறந்தவரின் பெயரும் அதுவே என்பதால்தான் இந்தக் கதையிலும் பையனின் பெயரை எழுதவில்லை.

டெல்லா தொலைபேசிப் பக்கம் குனிந்தாள். "சிஸ்டர், அந்தப் பேரு வேணாம்மா. குமஞ்சயின்னு கூப்பிடுங்க."

நர்ஸ் கூப்பிட்டாள். போனை அவன் காதருகே வைத்தாள். பிறகு வறண்ட குரல் ஒன்று வந்தது.

"டெல்லா ஆண்ட்டியா? இங்க கதவு திறந்திருக்கு ஆண்ட்டி. சாத்த வேணாம்னு சொல்லுங்க."