மூடியோடு எடுத்த முப்பத்தாறு

நேற்றுச் சுரண்டித் துடைத்த கறுப்புப் பிசின் இன்று காலையில் மறுபடியும் இருந்தது.

கேமராவின் பின்கதவைத் திறந்ததும் சூர்யபிரகாஷின் கட்டைவிரல் அதில் ஒட்டிக்கொண்டது. வெளிச்சம் புகாமலிருக்கப் பழைய கேமராக்களின் கதவோரம் பஞ்சு ஒட்டியிருப்பார்கள். ஐம்பது வருடத்தில் அது மக்கித் தார்போல ஆகிவிடும். பத்துப் பதினைந்து கேமராக்களில் தீக்குச்சியும் ஸ்பிரிட்டும் வைத்து அவன் அதை வழித்திருக்கிறான். ஒருமுறை வழித்தால் தீர்ந்தது. இது தீரவில்லை. விரலை மோந்து பார்த்தான். தார் வாடை இல்லை. வாடிய ரோஜா மாலையின் வாடை, அதற்கடியில் ஈரத்துணியில் சுற்றி மறந்துபோன கறியின் வாடை. ஃபிலிம் உட்காரும் குழியில் ஒரு நரைமுடி சுருண்டு கிடந்தது. இழுத்தான். ஒரு முழம் வந்தது.

வாயில் ஊறியதைத் துப்பிவிட்டு, மறுபடி வழித்து, ஃபிலிமை மாட்டினான்.

சென்னையில் நைட் ஷிஃப்ட் வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போடிக்கு வந்து எட்டு மாதமாகிறது. பழைய கேமராவை வாங்குவது, படம் எடுப்பது, நல்லது கெட்டதை யூடியூபில் சொல்வது. வேறு எதுவும் செய்யவில்லை. அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தங்கை அனுசியா மட்டும்தான். அவன் கேமராவைப் பற்றிப் பேசும்போது ஃபோனில் பிடிப்பது அவள் வேலை. மனிதர்களின் வியர்வை, பேச்சு, மெல்லும் சத்தம் எல்லாமே அவனுக்குக் குமட்டும். அவள் ஒருத்தியிடம் மட்டும் அப்படி இல்லை.

இந்தக் கேமராவைப் போன வாரம் போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் இருக்கும் கருத்தம்மாளிடம் வாங்கினான். அவள் அப்பா பால்ராஜ் எஸ்டேட்டுகளில் போட்டோ பிடித்தவர், இறந்து நாளாகிவிட்டது. கேமரா இருந்த இடத்திலேயே அதை விமர்சனம் செய்தால் நன்றாயிருக்கும் என்று அண்ணனும் தங்கையும் ஜீப்பேறினார்கள்.

நண்பகலிலேயே பனி இறங்கிவிட்டது. ஏலச்செடிகள் சொட்டிக்கொண்டிருந்தன. கருத்தம்மாள் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்குள் வேலையாக இருந்தாள். உள்ளிருந்து வந்த இனிப்புப் புகை தொண்டையில் படிந்தது. அவன் கணுக்காலில் ஓர் அட்டை கொழுத்துத் தொங்கியது. உப்பைத் தேய்த்துப் பிய்த்ததும் அது அவன் ரத்தத்தையே கக்கியது. அனுசியா விறகுக் கொட்டகையிலிருந்து கை வைத்த மரநாற்காலி ஒன்றை இழுத்து வந்து முற்றத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"கைப்பிடியெல்லாம் பிசுபிசுங்குதுண்ணே. வெரசா எடு."

இந்த ரேஞ்ச்ஃபைண்டர் வகைக் கேமராவில் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. பார்ப்பதற்குத் தனியாக ஒரு சின்ன ஜன்னல் உண்டு. அதன் நடுவில் ஒரு மஞ்சள் கட்டம். கட்டத்துக்குள் எதிரே இருப்பவர் இரண்டாகத் தெரிவார். லென்ஸின் வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டு உருவமும் நெருங்கிவந்து ஒன்றின்மேல் ஒன்று பொருந்தும். பொருந்தினால் படம் கூர்மை.

கட்டத்துக்குள் இரண்டு அனுசியாக்கள் தெரிந்தார்கள். அவள் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். ஒரு வாய் அசைந்தது. மற்றது மூடியே இருந்தது.

கண்ணாடியில் பூஞ்சை என்று நினைத்துக்கொண்டான். வளையத்தைத் திருப்பிப் பொருத்தி எடுத்தான். முப்பத்தாறு படமும் தீர்ந்தபோதுதான் அனுசியா எட்டிப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தாள்.

"ஏண்ணே, மூடி! லென்சு மூடியக் கழட்டவே இல்லியே!"

ஜன்னல் தனி, லென்ஸ் தனி. மூடி இருப்பது கண்ணுக்குத் தெரியாது. இந்த வகைக் கேமராவைத் தொட்ட எல்லோரும் ஒருமுறையாவது செய்யும் தப்பு.

சிரிப்பு கேட்டுக் கருத்தம்மாள் வந்தாள். நாற்காலியைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"ஆத்தாடி, இதுலயா மோளே ஒக்காந்த?"

"ஏன்க்கா, ஒடைஞ்சிருமா?"

"ஒடையாது. எங்கப்பா உசுரோட இருக்கவுகளப் போட்டோ எடுத்ததே கெடையாது. செத்தப்புறந்தான் வீட்டுக்கு ஒண்ணு வேணும்னு வந்து நிப்பாக. தாடையக் கட்டி, இதுல ஒக்கார வச்சு, பின்னாடி ஒரு ஆளு தலையப் புடிச்சுக்கிருவான்."

அனுசியா எழுந்து பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டாள். "நல்ல சோலிதான். பொணம் ஒக்காந்ததுல என்னைய வச்சு, மூடியக்கூட கழட்டாம எடுத்திருக்கான் பாருங்க எங்கண்ணன்."

"மூடியோடவா?" கருத்தம்மாள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். "எங்கப்பாவும் மொதல்ல மூடியோட ஒண்ணு எடுப்பாரு தம்பி. அது போறவுகளுக்காம். அப்புறம் கழட்டிட்டு இருக்கவுகளுக்கு ஒண்ணு. நீங்க எத்தன எடுத்தீக?"

"முப்பத்தாறு."

கருத்தம்மாள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

போடி வீட்டுக்கு வந்ததும் ஃபிலிமைக் கழுவினான். வெறும் ஃபிலிமைக் காட்டித் தன்னையே திட்டிக்கொண்டால் பார்க்கிறவர்கள் ரசிப்பார்கள். சாயங்காலம் நாலு மணிக்குக் குளியலறை ஜன்னல் வெளிச்சத்தில் ஈரச்சுருளை இழுத்து நீட்டினான்.

வெறுமையாக இல்லை.

முப்பத்தாறு கட்டமும் நிறைந்திருந்தன. நெகட்டிவில் முகம் கறுப்பு, கண்குழி வெள்ளை. ஃபோனை மேலே பிடித்துக் கறுப்பையும் வெள்ளையையும் மாற்றிப் பார்த்தான். மரநாற்காலியில் அனுசியா. முதல் படத்தில் வாய் மூடியிருந்தது. ஐந்தாவதில் கண் பாதி செருகியிருந்தது. பத்தாவதில் மூக்கில் பஞ்சு. பதினாறாவதில் தாடையைச் சுற்றி உச்சியில் முடிச்சிட்ட துணி. அதற்குப்பின் வயிறு உப்பிக்கொண்டே வந்தது. உதட்டோரம் நுரை. கன்னத்தில் தோல் வழன்றிருந்தது. எல்லாப் படத்திலும் பின்னாலிருந்து இரண்டு கைகள் அவள் தலையை நிமிர்த்திப் பிடித்திருந்தன. நகக்கண்களில் கறுப்புப் பிசின்.

கழிவறைக் குழியில் வாந்தியெடுத்தான். எடுத்துவிட்டுக் கடைசிப் படத்தைப் பார்த்தான்.

அதில் மரநாற்காலி இல்லை. பிளாஸ்டிக் சேர். பின்னால் இந்த வீட்டு ஹாலின் சுவர். அவள் உடம்பில் பெரிய பூப் போட்ட நைட்டி.

மலையில் அவள் சுடிதார் போட்டிருந்தாள்.

ஹாலுக்கு ஓடினான். அனுசியா பிளாஸ்டிக் சேரில் காலை மடக்கி உட்கார்ந்து முறுக்குத் தின்றபடி ஃபோன் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிய பூப் போட்ட நைட்டி.

"படம் வந்துச்சாண்ணே?"

"இல்ல."

"பின்ன ஏன் பேயறைஞ்ச மாதிரி வர்ற? மூஞ்சிக்கும் மூடி போட்டிருக்கியா?"

கேமரா டிவி மேசையில் இருந்தது. தரையில் அடித்து நொறுக்கத்தான் எடுத்தான். அதற்குமுன் ஒரே ஒரு முறை. இரண்டு வாயும் அசைகிறதா என்று மட்டும் பார்க்க. ஜன்னலைக் கண்ணில் வைத்தான்.

மஞ்சள் கட்டத்துக்குள் ஒருத்தி முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஒரு சாண் தள்ளி இன்னொருத்தி. தாடைக்கட்டு. பஞ்சு. தலையில் இரண்டு கைகள்.

இடைவெளி குறைந்தது.

அவன் திருப்பவில்லை. விரலுக்கடியில் வளையம் தானாக நகர்ந்தது. இறுக்கிப் பிடித்தான். பிசின் வழுக்கியது. எதிர்ப்பக்கம் முறுக்கினான். கொஞ்சம் விலகியது. மறுபடி வந்தது. கேமராவை இறக்கப் பார்த்தான். புருவம் அதில் ஒட்டியிருந்தது. ரோஜா வாடை. கறி வாடை.

"அனு, எந்திரி."

"ஏண்ணே?"

"எந்திரிச்சு வெளிய போடீ!"

"போட்டோதான? இரு, முறுக்க முழுங்கிக்கிறேன்."

அவள் காலைக் கீழே விட்டாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள். இரண்டு கையையும் கைப்பிடிமேல் வைத்தாள். சிரித்தாள்.

நாலு விரல் இடைவெளி.

"அனு!"

இரண்டு விரல். நகம் பெயர்ந்தது. வளையம் நிற்கவில்லை. சிரிக்கும் வாய்க்குமேல் கட்டிய வாய் ஏறியது. கண்மேல் கண். ஒரு மயிரிழை.

பொருந்தியது.

புருவத் தோல் கிழியக் கேமராவைப் பிய்த்து எறிந்தான்.

அனுசியா உட்கார்ந்திருந்தாள். துணி இல்லை, பஞ்சு இல்லை. அதே சிரிப்பு. உதட்டில் ஒரு முறுக்குத் துணுக்கு. தட்டிலிருந்து ஓர் எறும்பு அவள் கையில் ஏறியது. தோள், கழுத்து, மோவாய். துணுக்கை மோந்துவிட்டு மேலே போய் மூக்குக்குள் நுழைந்தது. அவள் தட்டிவிடவில்லை.

தலை சாயவும் இல்லை. நேராக நின்றது. இரண்டு காதுக்கு மேலும் அவள் முடி விரல் விரலாக அழுந்தியிருந்தது.