படிப்படியாகத் தணியும்

வரைபடத்தில் ஒரே ஒரு புள்ளி மட்டும் குளிர்ந்துகொண்டிருந்தது.

மலைக்காடு எரியத் தொடங்கிய நாளிலிருந்து வானிலை மையத்தின் அந்த அறையில் யாரும் சன்னலைத் திறக்கவில்லை. இருந்தும் புகை எப்படியோ கதவிடுக்கு வழியாக நுழைந்து, திரைச்சீலையிலும் குடிக்கும் தண்ணீரிலும் அங்கே வேலை பார்த்த அவள் தலைமுடியிலும் கரிந்த பிசின் வாடையாக ஒட்டிக்கொண்டது. பட்டப்பகலில் விளக்குப் போட வேண்டியிருந்தது. ஊரெங்கும் மொட்டைமாடிகளில் வைத்திருந்த, வெப்பத்தை அளந்து மையத்தின் திரைக்கு அனுப்பும் கருவிகள் நாற்பத்திரண்டு டிகிரி, நாற்பத்து மூன்று என்று ஏறிக்கொண்டிருக்க, தங்கை வீட்டு மாடியில் அவளே கொண்டுபோய் வைத்த கருவி மட்டும் நாற்பது, முப்பத்தொன்பது என்று இறங்கியது.

அலுவலகத்தில் அவளுக்குக் 'குடைக்காரி' என்று பட்டப்பெயர். அவள் மழை என்றால் அன்று வெயில் கொளுத்தும். நம்பிக் குடையோடு வந்து ஏமாந்தவர்கள் வைத்த பெயர். கோடைக்கான முன்னறிவிப்பை மதிய வானொலியில் அவள்தான் வாசிக்க வேண்டும். சனங்கள் மூட்டை முடிச்சோடு கிளம்புகிறார்கள், நல்லதாக நாலு வார்த்தை இருந்தால் சேர்த்துக்கொள் என்று மேலதிகாரி சொல்லிவிட்டுப் போனார். ஒரு கருவி மட்டும் முரண்டு பிடித்தால் அந்த வீட்டுக்கு ஃபோன் போட்டுக் கேட்பதுதான் இந்த வேலையின் பாலபாடம். அவள் கேட்கவில்லை. கடற்காற்று முதலில் தங்கை வீட்டுப் பக்கம்தான் நுழையும் என்று மனம் தனக்கு வேண்டியபடி கணக்குப் போட்டது. ஆசை வெட்கமறியாது. வெப்பமும் புகையும் இன்று முதல் படிப்படியாகத் தணியும், மக்கள் வீடுகளிலேயே இருக்கலாம் என்று வாசித்தாள்.

வாசித்துவிட்டு வந்து உட்கார்ந்ததும் தங்கை கூப்பிட்டாள். புருஷன் கப்பல் வேலையில் இருக்க, இரண்டு பிள்ளைகளோடு தனியாக இருப்பவள்.

"உன் வாய் முகூர்த்தம் பலிச்சிருச்சுக்கா. சின்னவனுக்குக் காலைலருந்து உடம்பு அனலாக் கொதிச்சுது. வீட்டுல இருந்த தெர்மாமீட்டரப் பெரியவ உடைச்சுட்டா. அதான் மாடியில இருந்த உன் கருவிய எடுத்துட்டு வந்து அவன் அக்குள்ல வச்சேன். இறங்கிட்டே வருது."

அப்படியென்றால் அவள் நம்பி வாசித்தது ஊரின் வெப்பத்தை அல்ல, பிள்ளையின் காய்ச்சலை. திரையைப் பார்த்தாள். முப்பத்தாறு. காய்ச்சல் விட்டுவிட்டது, அவ்வளவுதான் என்று பெருமூச்சு விட்டாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வேனில் இடம் இருக்கிறது, வா என்றதையும், வானொலியில் அக்கா குரலைக் கேட்டதும் பெட்டியைத் திரும்ப இறக்கிவிட்டதையும் தங்கை சிரித்துக்கொண்டே சொன்னாள்.

முப்பத்து நான்கு.

பூட்டிய வீடு. உள்ளேயும் நாற்பதுக்குக் குறையாது. அந்த அனலில் எதுவும் முப்பத்து நான்குக்கு இறங்காது. செத்தது கூட இறங்காது.

"அவன எழுப்புடி."

"இப்பதான் தூங்கினான். தணியும்னு நீதானே சொன்ன?"

முப்பது.

அந்தக் கருவிதான் சூட்டை உறிஞ்சுகிறது, தூக்கியெறி என்றாள். பிள்ளைகளை அள்ளிக்கொண்டு தெருவுக்கு ஓடச் சொன்னாள். உனக்கு எப்போதும் இதே பதற்றம்தான், கருவிமேல் சந்தேகமென்றால் என் கையில் வைத்துக் காட்டுகிறேன், பார் என்றாள் தங்கை.

எண் முப்பத்தேழுக்குத் தாவியது.

கருவியில் கோளாறு இல்லை.

பிறகு முப்பத்தைந்து. முப்பத்திரண்டு.

"ஜில்லுனு சுகமா இருக்குக்கா." குரல் குழறியது. "சின்னவன் பக்கத்துலயே கொஞ்சம் படுத்துக்கறேன்."

ஃபோன் எங்கோ விழுந்த சத்தம். அவள் கத்தினாள். இன்னொரு ஃபோனில் தீயணைப்பு நிலையத்தை அழைத்தாள்; மணி அடித்துக்கொண்டே இருந்தது. இருபத்தாறு. பத்தொன்பது. மேலதிகாரி கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, போன வண்டிகளெல்லாம் திரும்பி வருகின்றன, குடைக்காரி வார்த்தைக்கு இவ்வளவு மரியாதையா என்று பூரித்துவிட்டுப் போனார்.

ஃபோனில் சின்னக் காலடிகள். மூச்சு.

"பெரியம்மா." ஐந்து வயதுப் பெரியவள். "அம்மா ஐஸ் மாதிரி இருக்காங்க. எனக்கு ரொம்ப வேர்க்குது. இத நான் வச்சுக்கறேன்."

"வேணாம்டா கண்ணு. கீழ போடு. கீழ போட்டுடு."

எண் சட்டென்று ஏறியது. முப்பத்தேழு.

நின்றது.

முப்பத்தாறு.