பதினோரு நிமிஷத்தில் வந்த பதில்

தென்காசி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது காலை எட்டு மணி. குற்றாலத்துச் சாரல் இந்தப் பக்கமும் தூறிக்கொண்டிருந்தது. சோளக்காட்டுக்கு நடுவே எங்கள் ஆண்டெனா வானத்தைப் பார்த்து நின்றது. முப்பத்திரண்டு மீட்டர் அகலத் தட்டு; உள்ளே ஒரு கல்யாணப் பந்தியே போடலாம்.

பட்டாளத்தில் சிக்னல் பிரிவில் இருபது வருஷம் இருந்தவன் நான், செல்லச்சாமி. பேய் பிசாசென்றால் சிரிக்கிற ஆள். அன்றைக்கு மதியம் வரைக்கும்.

கன்ட்ரோல் ரூமில் வேல்விழி எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தாள். அவளும் புருஷன் புவனேஷும் சேர்ந்து செய்த விண்கலத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தோம். புவனேஷ் பைக் விபத்தில் போன அன்றே கலமும் பேச்சை நிறுத்திவிட்டது. ஏழு மாதமாகத் தினமும் கூப்பிடுகிறாள். அன்று சாயங்காலத்தோடு தேடலை முடிக்கச் சொல்லி உத்தரவு. கலமும் போய்விட்டால் அவன் முழுசாகச் செத்துப்போவான் என்று நினைத்தாள். பார்க்கவே பாவமாக இருந்தது.

இங்கிருந்து ஒரு ரேடியோ அலையை அனுப்புவோம். கலம் அதை அப்படியே திருப்பி அனுப்பும். போய்வர ஆகும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுவோம். கலம் இருக்கவேண்டிய தூரத்துக்கு நாற்பது நிமிஷம் ஆகும்.

பத்து மணிக்குப் பதில் வந்தது.

பதினோரே நிமிஷத்தில்.

மறுபடி கூப்பிட்டாள். ஆறு நிமிஷம்.

"நிப்பாட்டு தாயி," என்றேன். "கலம் இவ்வளவு வேகமா வராது. இது வேற எதுவோ."

"நம்ம ஊர்ல என்ன சொல்லுவாவ அண்ணாச்சி? வாசல்ல குரல் கேட்டா மூணாவது தடவைக்குத்தான் ஏன்னு கேக்கணும். பேயி ரெண்டு தடவைக்கு மேல குரல் குடுக்காது." மறுபடி அனுப்பும் பட்டனை அழுத்தினாள். "மூணாவதும் வந்தா அது அவருதான்."

மூன்றாவது, கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்தது.

மோட்டார் உறுமியது. சிக்னல் வரும் திசைக்குத் தானாகத் திரும்பும்படி ஆண்டெனாவை வைத்திருந்ததே நான்தான். தட்டு வானத்தை விட்டுச் சாய்ந்தது. மலையைப் பார்த்தது. சோளக்காட்டைப் பார்த்தது.

எங்கள் கதவைப் பார்த்து நின்றது.

ஈர மண்ணோடு பெட்ரோல் வாடை அடித்தது.

வேல்விழி கதவைத் திறந்தாள். வெளியே யாருமில்லை. அவளோ ஏழு மாதத்துக்கு அப்புறம் சிரித்தாள்.

"நனைஞ்சிட்டு நிக்கியளே," என்றாள் மெதுவாக.

நான் ஓடிப்போய் மெயினை அணைத்தேன். மோட்டார் அடங்கியது. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"வீட்டுக்குப் போறோம் அண்ணாச்சி."

போறோம்.

தடுத்திருக்க வேண்டும். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

கரண்ட் இல்லாத ஆண்டெனா, சத்தமே இல்லாமல், அவள் பின்னாலேயே திரும்பியது. ரோட்டில் ஆலங்குளம் டவுன் பஸ் வந்தது, ஏறினாள். பஸ் போக்கிலேயே தட்டும் நகர்ந்து, கிழக்கே பார்த்து நின்றது.

ஒரு மணிக்கு அவள் போனிலிருந்து கண்டக்டர் பேசினார். சீட்டில் உட்கார்ந்தபடியே உயிர் போயிருந்தது. பக்கத்துச் சீட் சொட்டச் சொட்ட நனைந்திருந்ததாம்.

"அவியளுக்கு ஓசி டிக்கெட், கூட ஒரு ஆம்பள டிக்கெட்டும் கேட்டு வாங்குனாவ. அவரு எங்கன இறங்குனாருன்னே தெரியல சார்."

போனை வைத்துவிட்டு சுவிட்சைப் பார்த்தேன். மெயின் அணைந்தேதான் இருந்தது.

வெளியே ஆண்டெனா, பஸ் போன ரோட்டைப் பார்த்தபடியே, மெல்ல இந்தப் பக்கம் திரும்பி வந்துகொண்டிருந்தது.